ஆள் படத்துக்குக் கீழே சைபர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் பதினாறு பேர். சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். பெர்பெத்து, இன்னாசியம்மா, ரோசம்மா, செலஸ்தீன், மதலேன், பெரிய லூர்து, சின்ன லூர்து, அமலோற்பவம், ஞானப்பூ, பிரகாசி, சூசம்மா. பதினொன்று ஆயிற்றா? என்னோடு பன்னிரண்டு. என் பெயர் விசேந்தம்மாள். ஆண்கள் நான்கு பேர். யார்டு முதலாளி, முதலாளியின் மச்சான், வாட்ச்மேன் பேச்சிமுத்து, சென்னையிலிருந்து வந்த கேமரா சார். பதினாறு. அப்புறம் ஒரு நாய். நாயை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மெஷின் நாயைக் கணக்கில் எடுத்தது. எங்கள் பன்னிரண்டு பேரை எடுக்கவில்லை.

நீங்கள் கேட்டது, அந்தத் தகரக் கொட்டகையில் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்போது நான் மட்டும் ஏன் இந்த இளநீர்க்காரன் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. அது காலி இடம் இல்லை அம்மா. பன்னிரண்டு மீன்காரிகளின் இடம். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. வந்தாலும் நான் அங்கே உட்காரப் போவதில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாற்பத்தொரு வருடம் மீன் விற்கிறேன், ஒரு நாளும் கூவி விற்றதில்லை. வருகிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. அந்த மெஷின்மேல் கோபம். அந்தச் சென்னை சார்மேல் கோபம். பேச்சிமுத்துமேல் கோபம். பெர்பெத்துமேல் நிறையக் கோபம். மற்றபடி யார்மேலும் இல்லை.

எங்கள் கரைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு யார்டு இருக்கிறது. காற்றாலை இறக்கைகளைக் கொண்டுவந்து அடுக்கி வைக்கிற யார்டு. ஒவ்வொரு இறக்கையும் கோயில் கொடிமரத்தைப் போல நாலு மடங்கு நீளம். கப்பலில் ஏற்றும்வரை அங்கே படுத்துக் கிடக்கும். இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில் அது வெறும் பொட்டல். அவர் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. யார்டு வழியாகப் போனால் பஸ்ஸுக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. உப்பளத்து ரோட்டைச் சுற்றிப் போனால் மூவாயிரத்து நூற்றைம்பது. இரண்டும் தலையில் சுமையோடு நான் எண்ணியது. படகு கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தால் ஏழு நாற்பதுக்கு இந்தச் சந்தைக்கு வந்துவிடலாம். அதை விட்டால் அடுத்தது எட்டு நாற்பத்தைந்து. ஆபீஸுக்குப் போகிறவர்கள் வீட்டில் குழம்பு வைக்கிற நேரம் அதற்குள் முடிந்துவிடும். அப்புறம் இங்கே ஈ ஓட்டலாம். அந்த நானூற்றுப் பன்னிரண்டு காலடியில் பன்னிரண்டு வீட்டு அடுப்பு இருந்தது, அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கேமரா வைத்தார்கள். பதினான்கு கேமரா. பேச்சிமுத்து சொன்னான், “இது சும்மா படம் பிடிக்கிற கேமரா இல்ல ஆச்சி. மூளை உள்ள கேமரா. உள்ள வாரது ஆளா, நாயா, லாரியான்னு அதுவே பாத்துச் சொல்லிரும். ஆளுன்னா சத்தம் போடும்.”

அன்றைக்குக் கரைக்குப் போகும்போது காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் முன்னால் போனேன். பாதி யார்டு தாண்டியிருப்பேன். தலைக்கு மேலே சைரன் அடித்தது. ஒரு பெண் குரல், நல்ல படித்த குரல், “எச்சரிக்கை. அந்நியர் நடமாட்டம். உடனடியாக வெளியேறவும்.” ஆறு லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன், “ஏ, தீவிரவாதி வந்துட்டாடே!” என்றான். திருமணமாகி இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து நான் நடக்கிற வழி அது. அந்தப் பெண் குரலுக்கு என்ன வயதிருக்கும்? இருபத்தைந்து இருக்குமா? அவள் என்னை அந்நியர் என்கிறாள். ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் செருப்பை எடுக்கப் போனேன். எங்கே கால் வைத்தால் கத்துகிறது என்று பார்த்தேன். ஓரடி முன்னால் வைத்தால் கத்தியது. பின்னால் எடுத்தால் நின்றது. முன்னால், கத்தல். பின்னால், அமைதி. பேச்சிமுத்து ஓடி வந்தான்.

“ஆச்சி, என்ன விளையாட்டு இது?”

“கோடு எங்க இருக்கு?”

“கோடு தரையில இல்ல ஆச்சி. டிவியில இருக்கு. அதுல சிவப்பாக் கோடு போட்டு வச்சிருக்காங்க.”

கோட்டைத் தரையில் போடாமல் டிவியில் போட்டுவிட்டு, அதைத் தாண்டினாய் என்று என்னைத் திட்டுவது என்ன நியாயம்? மெஷின் கத்துகிற ஒவ்வொரு இடத்திலும் நான் ஒரு சிப்பியைப் பதித்து வைத்தேன். பாவாடை நாடாவைப் போல நேராக ஓடுகிற கோடு. ஒரு விரல்கூடப் பிசகவில்லை. நான் போட்டுக் காட்டியிராவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று பேச்சிமுத்துவுக்கே தெரிந்திருக்காது.

மூன்று நாள் உப்பளத்து ரோட்டைச் சுற்றினோம். நான்காம் நாள் பெர்பெத்து கண்டுபிடித்தாள். அவள் எங்களில் இளையவள், நாற்பத்துநான்கு வயது, வாய் நீளம். நேரமாகிவிட்டது என்று மீன் சட்டியைத் தலையில் வைத்தபடியே யார்டுக்குள் நுழைந்துவிட்டாள். சைரன் அடிக்கவில்லை. திரும்பி வந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அடித்தது. மறுபடி சும்மாட்டைச் சுருட்டி வைத்துச் சட்டியைத் தூக்கினாள். அடிக்கவில்லை.

“எக்கா! சட்டி தலையில இருந்தா அதுக்கு நம்மளத் தெரியலக்கா!”

பேச்சிமுத்து டிவியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், “சட்டிய வச்சா உருவம் மாறிருது போல. ஆளுன்னா தல உருண்டையா இருக்கணும், கழுத்து இருக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்களுக்குத் தல தட்டா இருக்கு. அது குழம்பிப்போய் விட்டுருது.” பிறகு இன்னொன்றும் சொன்னான். “சத்தம் வராத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அன்றிலிருந்து எல்லோரும் தலையில் சட்டி. போகும்போது காலிச் சட்டி, வரும்போது மீன் சட்டி. இன்னாசியம்மாவின் புருஷன் யார்டுக்கு அந்தப் பக்கம் கடைக்குப் போகப் பெண்டாட்டி சட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போனார். “மீசை வச்ச மீன்காரி” என்று அவருக்குப் பேர் வந்தது. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எண்பத்திரண்டு நாள் அப்படிப் போனோம். ஞாயிறையும் பெரிய வெள்ளியையும் கழித்தால் அறுபத்தொன்பது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பேச்சிமுத்துவின் அறை ஜன்னலில் ஒரு சின்ன டிவி இருக்கும். அதன் ஓரத்தில் ஓர் ஆள் படம், கீழே ஓர் எண். ஒரு நாய் படம், கீழே ஓர் எண். ஒரு லாரி படம், கீழே ஓர் எண். அன்றைக்குக் கோட்டைத் தாண்டியவர்களின் கணக்கு. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். ஆனால் கணக்கில் கன்னியாஸ்திரீ அம்மா எனக்கு நூற்றுக்கு நூறு போட்டார்கள். நான் எண்ணைப் பார்த்தால் சரியா என்று பார்ப்பேன், அது என் பழக்கம். தினமும் பன்னிரண்டு பேர் கடக்கிறோம். ஜன்னலைப் பார்ப்பேன். ஆள் படத்துக்குக் கீழே சைபர். மறுநாளும் சைபர். அறுபத்தொன்பது நாளும் சைபர். நாய் படத்துக்குக் கீழே மட்டும் ஒன்று. எங்கள் பின்னால் மீன் வாடைக்கு வருகிற செவலை நாய்.

பெர்பெத்துவிடம் சொன்னேன், “ஏளா, கணக்கு தப்பா இருக்கு.”

“இருந்துட்டுப் போகுது. தப்பா இருக்கதுதாங்கா நமக்கு நல்லது.”

தப்பான கணக்கு எப்படி நல்லதாகும்? நீங்களே சொல்லுங்கள். நான் ஒருத்தி போனால் ஒருத்தி போனாள் என்றுதானே இருக்கவேண்டும்? நான் யாரையும் வேவு பார்க்கிறவள் இல்லை. ஞானப்பூவின் மருமகள் வழக்கமாக ஆறு ஐந்துக்கு வாசல் பெருக்குகிறவள் மாசி மாதம் நாலு நாள் ஆறரைக்குப் பெருக்கினாள், அதைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன். ஆனால் எண்ணிக்கை என்றால் சரியாக இருக்கவேண்டும்.

அப்புறம் ஒரு நாள் நாய் படத்துக்குக் கீழே இரண்டு என்று வந்தது. நாய் ஒன்றுதான். நான் நன்றாகப் பார்த்தேன், வேறு நாய் இல்லை, ஆடு இல்லை, பூனை இல்லை. பேச்சிமுத்து படத்தை ஓட்டிப் பார்த்தான். நான் ஓர் இடத்தில் சேலைக் கரையில் ஒட்டிய முள்ளை எடுக்கச் சட்டியோடு குனிந்திருக்கிறேன். என்னைச் சுற்றி மஞ்சள் கட்டம். மஞ்சள் என்றால் மிருகம். பேச்சிமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான், “ஆச்சி, உங்கள நாலு காலுன்னு நினச்சிட்டு.”

பஸ்ஸில் வரும்வரை அவர்களுக்கு அதுதான் பேச்சு. “விசேந்தக்கா, நீ ஆடா, மாடா?” “மே-ன்னு ஒருக்காச் சொல்லுக்கா.” பிரகாசி எனக்குப் பஸ்ஸில் இடம் விட்டு, “உக்காரு, வைக்கோல் வேணுமா?” என்றாள். சிரிக்கட்டும். அவர்களை அது ஒன்றுமில்லை என்றது. அவர்களுக்கு அது வலிக்கவில்லை. என்னை மிருகம் என்றது. எனக்கு வலித்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடிய அன்றைக்காவது அந்நியர் என்றது. அந்நியர் என்றால் ஆள்தானே.

இப்போது அன்றைக்கு வருகிறேன். பதினாறு பேர் என்றேனே, அந்த நாள்.

ஏலம் முடிந்து நாங்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக யார்டுக்குள் வருகிறோம். பேச்சிமுத்துவின் அறைக்கு வெளியே மேசை போட்டுப் பெரிய டிவி வைத்திருந்தார்கள். முதலாளி, மச்சான், சென்னை சார், பேச்சிமுத்து நான்கு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பத்துக் காலடி. மச்சான் இன்னொரு யார்டு வைத்திருக்கிறாராம், அவருக்கும் இந்தக் கேமராவை விற்கச் சார் வந்திருக்கிறார். சார் சொல்கிறார், “காக்காயத் தவிர வேற எதுவும் இதுக்குத் தெரியாம உள்ள வர முடியாது சார்.”

மச்சான் கேட்டார், “பூன?”

“பூனை வந்தா பூனைன்னு சொல்லும் சார்.”

அவர் அதைச் சொல்லும்போது பெரிய லூர்து கடக்கிறாள். ரோசம்மா கடக்கிறாள். பன்னிரண்டு சட்டி மீன் அம்மா! வாடைகூடவா வரவில்லை? வந்தது. மச்சான் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். திரும்பவில்லை. டிவியில் ஒன்றும் இல்லை, அதனால் அவர்களுக்கும் ஒன்றும் இல்லை. பேச்சிமுத்து மட்டும் ஓரக்கண்ணால் எங்களைப் பார்த்துச் சீக்கிரம் போங்கள் என்று விரலை ஆட்டினான்.

கடைசியில் நான். என் பின்னால் செவலை நாய். நாய் கோட்டைத் தாண்டியது, டிவி ‘டிங்’ என்றது.

“பாத்தீங்களா சார்! நாய்!” என்றார் சார். நான்கு பேரும் கை தட்டினார்கள். ஒரு நாய்க்கு நான்கு பேர் கை தட்டினார்கள்.

நான் நின்றுவிட்டேன். பெர்பெத்து திரும்பி வந்து என் கையைக் கிள்ளினாள். “எக்கா, வா. பஸ்ஸு.” நான் போகவில்லை. எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. ஆண்களிடம் நின்று பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், “பன்னெண்டு பேரு போறோம்.”

இப்போது திரும்பினார்கள்.

முதலாளி கேட்டார், “யாரும்மா நீ? எப்படி உள்ள வந்த?”

“இந்த வழியாத்தான் ஐயா. தினமும்.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழம வரமாட்டோம்.”

“எத்தன நாளா?”

“கேமரா வச்ச பெறகா, மொத்தமாவா?”

மச்சான் சிரித்தார். சாரின் முகம் சிறுத்துவிட்டது. “சான்ஸே இல்ல சார், சிஸ்டம் ஜீரோ காட்டுது” என்றார். நான் சட்டியை இறக்கி வைத்தேன். டிவியில் என்னைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்தது, சைரன் அலறியது. சட்டியைத் தூக்கி வைத்தேன். கட்டம் போய்விட்டது. இறக்கினேன், ஏற்றினேன். மூன்று தடவை செய்து காட்டினேன். நான் சொன்னது சரி, மெஷின் சொன்னது தப்பு. நான்கு ஆண்கள் முன்னால், மூளை உள்ள மெஷின் முன்னால், நான் சொன்னது சரி. அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் மறைக்கமாட்டேன். நன்றாக இருந்தது.

சார் நல்ல மாதிரியாகப் பேசினார். “அம்மா, உங்கள மாதிரி ஒருத்தர் எங்க ஆபீஸ்லயே இல்ல” என்றார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. எத்தனை பேர், யார் யார், பெயர் எல்லாம் சொல்லுங்கள், கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்றார். கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்று அவரே சொன்னார், அதனால் சொன்னேன். லூர்து இரண்டு பேர் இருக்கிறார்கள், குழப்பம் வரக்கூடாது என்று அவர்கள் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பிறகு, மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும், கொஞ்சம் நடந்து காட்டுங்கள் என்றார். முப்பது தடவை. மீன் சட்டியோடு பத்து, காலிச் சட்டியோடு பத்து, இடுப்பில் வைத்துப் பத்து. மற்றவர்கள் ஏழு பத்து பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் நடந்தேன். இருபத்தெட்டில் சார், “போதும்மா” என்றார்.

“இருவத்தெட்டுதான் ஆயிருக்கு.”

“பரவாயில்லம்மா.”

“முப்பதுன்னு சொன்னீங்க.”

இன்னும் இரண்டு நடந்தேன். அன்றைக்கு என் மீன் வெயிலில் கெட்டுப் போனது. ஒரு டீ கொடுத்தார்கள்.

மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று, அதுவரை நாங்கள் வழக்கம்போலப் போனோம். பத்தாம் நாள் காலையில் நாங்கள் கோட்டைத் தாண்டியவுடனே சைரன். பன்னிரண்டு பேரைச் சுற்றிப் பன்னிரண்டு பச்சைக் கட்டம். ஜன்னலைப் பார்த்தேன். ஆள் படத்துக்குக் கீழே பன்னிரண்டு. சரியான கணக்கு! அறுபத்தொன்பது நாள் கழித்துச் சரியான கணக்கு. நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தடி வைத்த இரண்டு புது ஆட்கள் ஓடி வந்தார்கள். பேச்சிமுத்துவைக் காணோம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அவன்மேல் எனக்கு இரக்கம் இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்றவன்.

வாசலில் ஒரு போர்டு. ‘கீழ்க்கண்டவர்கள் அத்துமீறி நுழைந்தால் போலீசில் ஒப்படைக்கப்படுவார்கள்.’ கீழே பெயர்கள். பெர்பெத்து, இன்னாசியம்மா, ரோசம்மா என்று நான் சொன்ன அதே வரிசை. லூர்துமார் இருவருக்கும் வீட்டுக்காரர் பெயரோடு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. பதினொரு பெயர். என் பெயர் இல்லை. எனக்குக் கழுத்தில் மாட்டுகிற பாஸ் வந்திருந்தது, போட்டோவோடு. சார்தான் கொடுக்கச் சொன்னாராம். அது இருந்தால் நான் மட்டும் போகலாம், மெஷின் என்னைப் பார்த்தாலும் கத்தாது, தெரிந்த ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் கேட்டேனா பாஸ்? கேட்கவில்லை. கொடுத்தார்கள்.

மறுநாள் கரையில் பெர்பெத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்கும்படி கத்தினாள். “எக்கா, அந்த மெஷினுக்குக் கண்ணு இல்லாம இருந்திச்சு. நீ கண்ணு வச்சுக் குடுத்திட்டியே!”

“நான் கணக்குதானளா சொன்னேன்?”

“யாரு கேட்டா கணக்கு?”

“அது நம்மள ஒண்ணுமில்லன்னுது.”

“ஒண்ணுமில்லன்னாத்தாங்கா நம்ம பொழப்பு! மூவாயிரம் அடி! சூசம்மாவுக்கு மூட்டு வலி, தெரியுமா ஒனக்கு? அதையும் எண்ணி வச்சிருப்ப நீ!”

மூவாயிரத்து நூற்றைம்பது. நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அடித்திருப்பாள்.

அன்றோடு என்னைக் கூறிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூறு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. படகு மீனைக் குவியலாகத்தான் ஏலம் விடுவார்கள். தனி ஒருத்தியால் எடுக்க முடியாது. பன்னிரண்டு பேரும் சேர்ந்து எடுப்போம். எடுத்ததை மணலில் கொட்டிப் பன்னிரண்டு கூறாகப் பிரிப்போம். பிரிக்கிறவள் நான். இருபத்தாறு வருடமாக நான்தான். சின்னது பெரியது பார்த்து, எண்ணிக்கை பார்த்து நான் கூறு வைத்தால் ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். மிஞ்சுகிற மீன் கோயிலுக்குப் போகும். இருபத்தாறு வருடத்தில் ஒரு கூறில் ஒரு மீன் கூடியதில்லை, குறைந்ததில்லை. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, “நீ வேண்டாம்க்கா, நாங்க பாத்துக்கிடுவோம்” என்றாள் பெர்பெத்து. அவளுக்குப் பதினொன்றாம் வாய்பாடு தெரியாது.

இன்றோடு பத்தொன்பது நாள். நான் வலையை உதறுகிற இடத்தில் நின்று காரப்பொடி மீன், உடைந்த சாளை என்று கிடைத்ததை வாங்கிக்கொண்டு தனியாக யார்டு வழியாக வருவேன். மெஷின் கத்தாது. ஆள் படத்துக்குக் கீழே ஒன்று என்று காட்டும். சரியாகத்தான் காட்டுகிறது. ஏழு நாற்பதுக்கு நான் இங்கே. அவர்கள் சுற்றிக்கொண்டு ஒன்பதேகாலுக்கு வருவார்கள், சூசம்மா கடைசியில் நொண்டி வருவாள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒருத்தியும் பார்க்கமாட்டாள். நான் இருப்பதே தெரியாத மாதிரி போவார்கள். பதினொரு பேரும். நான் என்ன பொய் சொன்னேன்? சொல்லுங்கள், ஒரு பொய் சொன்னேனா? பாஸை யார் கண்ணிலும் படாமல் சேலைக்குள்தான் போட்டிருக்கிறேன்.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இன்று விளமீன் குவியல் எடுத்தார்கள். நான் தள்ளி, வள்ளத்தின் மறுபக்கம் நின்றேன். மணலில் கொட்டும்போதே எண்ணிவிட்டேன். நூற்று அறுபத்துநான்கு. பதினொரு பேருக்குப் பதினான்கு பதினான்காக வைக்கலாம். பத்து மிஞ்சும். பெர்பெத்து என்ன செய்தாள் தெரியுமா? பதிமூன்று பதிமூன்றாக வைத்தாள். பதினொரு கூறு. பக்கத்தில் ஒரு பெரிய குவியல் அப்படியே கிடக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரோசம்மாவே கேட்டுவிட்டாள், “ஏளா, இன்னும் ஒண்ணு ஒண்ணு வைக்கலாமே?”

“வேண்டாம். இருக்கட்டும்” என்றாள் பெர்பெத்து.

கூறு வைக்கத் தெரியாதவள் கையில் கொடுத்தால் இப்படித்தான். அவரவர் கூறை எடுத்தார்கள். சின்ன லூர்து மிஞ்சியதிலிருந்து கோயிலுக்கென்று கொஞ்சம் எடுத்துத் தனியாகக் கட்டினாள். எட்டு எடுத்தாள். பிறகு எல்லோரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்து ரோட்டில் நடந்துவிட்டார்கள். மீதி மணலிலேயே கிடந்தது. அதன்மேல் யாரோ ஈரச் சாக்கைப் போட்டிருந்தார்கள், காக்கை கொத்தாமல்.

போய்ச் சாக்கைத் தூக்கி எண்ணினேன். எண்ணத் தேவையில்லை, இருபத்தொன்றில் எட்டுப் போனால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

நூற்று அறுபத்துநான்கைப் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் எவ்வளவு வரும், எவ்வளவு மிஞ்சும், நீங்களே மனதில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒருத்தியும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அவள் கணக்குத் தெரியாமல் விட்டுவிட்டாளா, தெரிந்து விட்டாளா? எனக்கு எப்படித் தெரியும்? வாய் இருக்கிறதே அவளுக்கு, ஊருக்கே கேட்கிற வாய், அதைத் திறந்து ‘எக்கா, இது உன் கூறு’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லாமல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? நான் என்ன திருடியா, மணலில் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ள? விட்டுவிட்டு வந்தால் கெட்டுப்போகும் என்றுதான் எடுத்து வந்தேன். வரட்டும், கேட்கிறேன். மறந்து விட்டுப்போனது என்றால் எடுத்துக்கொண்டு போகட்டும். என் கூறு என்றால் அவள் வாயால் சொல்லட்டும். அதற்கு அப்புறம்தான் விற்பேன்.

இல்லை அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றுதான் கேட்கிறீர்கள், தெரிகிறது. காலையிலிருந்து ஆறு பேர் கேட்டுவிட்டார்கள், ஆறு பேருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். மூன்றைக் கொடுத்தால் பத்தாகிவிடும். பத்து என்றால் அது கூறு இல்லை, வெறும் மீன். அவர்கள் வரும்போது நான் எதைக் காட்டிக் கேட்பேன்? மணி ஒன்பது பத்து. இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வாருங்கள். சாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன், வேண்டுமானால் நீங்களும் எண்ணிப் பாருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள்.

பதிமூன்று.